மூணு கிளாஸ்ல ஒண்ணு வேற

மணி மூணேகால், கிளாஸ் மூணு, குடிக்க வேண்டிய ஆளு யுகேந்திரன். அவனைத்தான் காணோம்ணே. பாலத்துல எவனோ எவன் மேலயோ மோதிட்டானாம், ரெண்டு மணியிலருந்து நடுக் கடல்ல நிக்கிறேன்னு மெசேஜா அடிச்சுக்கிட்டு இருக்கான். நீங்க டாய்லெட் கேட்டு வந்தீங்க, குடுத்தேன்ல? இப்ப நான் ஒண்ணு கேக்குறேன், நீங்க குடுங்க. பத்து நிமிஷம்தான் லா. உங்க நாக்கு மட்டும் போதும்.

அதுல உக்காராதீங்க, அது ஆடும். இதுல உக்காருங்க. பெர்ரிக்கு என்ன அவசரம், ஒண்ணு போனா இன்னொண்ணு வருது. அந்தப் பக்கம் எறங்கி எப்படிப் போவீங்க? மகன் கெரெத்தா கொண்டாந்து ஏத்திக்கிட்டுப் போவானா. அப்பச் சரி. வண்டி ஓட்டுறவங்களுக்கு நான் ஊத்த மாட்டேன்.

என் பேரு நிலானி. பின்னால கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டேங்க் தெரியுதுல்ல, நாலு, அது நானும் யுகேந்திரனும் சேந்து வெச்சது. அவன் கடையப் பாத்துக்குவான், காய்ச்சுறது நானு. ஆமாண்ணே, பொம்பளதான் பீர் காய்ச்சுறேன். சிரிக்கணும்னா சிரிச்சுக்குங்க. ஜார்ஜ்டவுன் பூராவும் சிரிச்சு முடிச்சிருச்சு, அக்கரையில உங்க பட்டர்வொர்த்துதான் பாக்கி.

செவ்வாய்க்கிழமை குடிக்க மாட்டீங்களா? மதியம் என்ன சாப்பிட்டீங்க? நாசி கண்டார். கோழியா, மீனா? கோழி. அண்ணே, கோழி உள்ள போறப்ப செவ்வாய்க்கிழமை இல்ல, பீர் உள்ள போறப்ப மட்டும் செவ்வாய்க்கிழமையா. பேரு என்ன சொன்னீங்க? பழனியப்பன். சரி, பேருக்கு ஏத்த மாதிரி பயம் இருக்கத்தான் செய்யும். நீங்க குடிக்க வேணாம், ருசி மட்டும் பாருங்க. வேலைன்னு நெனச்சுக்குங்க.

முதல்ல இந்தத் தண்ணியில வாயக் கொப்பளிங்க. நல்லா. கோழிக் குழம்பெல்லாம் போகணும். இந்த பிஸ்கட்ட ஒரு கடி கடிங்க. உப்பு, இனிப்பு ஒண்ணும் இருக்காது, அதுக்குத்தான். ம். இன்னொரு தடவ தண்ணி.

என்னான்னு சொல்லிர்றேன். இந்த மூணு கிளாஸ்ல ரெண்டு ஒரே பீரு. போன தடவ காய்ச்சுனது, நல்லா வந்துச்சு, மாதிரிக்குன்னு கொஞ்சம் எடுத்து வெச்சிருந்தேன். ஒண்ணு மட்டும் வேற. அது இப்ப டேங்க்ல இருக்கிறது. எது எதுன்னு எனக்கே தெரியாது, அடியில டேப் ஒட்டிட்டு கண்ண மூடிக்கிட்டுக் கலச்சு வெச்சேன். நீங்க மூணையும் பாத்து எது வேறன்னு சொல்லணும். அவ்வளவுதான். சொல்ல முடியலன்னா எனக்குச் சந்தோஷம். ரெண்டும் ஒரே மாதிரி இருக்குன்னு அர்த்தம். நாலு மணிக்கு லோரி வருது, ஏத்தி அனுப்பிருவேன்.

கே.எல். பட்டணத்துக்கு. அங்க ஒரு சீனர், அஞ்சாறு பார் வெச்சிருக்காரு, சீனப் பெருநாளுக்குன்னு முதல் தடவையா நம்மகிட்ட கேட்டிருக்காரு. இவ்வளவு நாளா நம்ம பீரு இந்தத் தீவ விட்டு வெளிய போனதில்ல. கெட்டதா அனுப்புனா அதோட நம்ம பேரு முடிஞ்சுது. அனுப்பாம விட்டா அவரு வேற ஆளுகிட்டப் போயிருவாரு. காலைலருந்து இந்த டேங்க்கச் சுத்திச் சுத்தி வர்றேன், என்னால முடிவு பண்ண முடியல.

நானா? நான் குடிச்சா என்னன்னு கேக்குறீங்க. நான் விரதம்ணே. ஞாயித்துக்கிழமை தைப்பூசம். பாத்தீங்களா, உடனே தலையாட்டிட்டீங்க.

மோந்து பாத்தேன். காலைலருந்து மோந்துக்கிட்டுத்தான் இருக்கேன். இதுக்குள்ளயே நின்னு நின்னு மூக்கு மரத்துப் போச்சு. அதுவுமில்லாம நான் தேடுறது மூக்குக்குச் சரியா சிக்காது, நாக்குலதான் ஒக்காரும்.

துப்பிரலாம்தான். வாயில வெச்சு உருட்டித் துப்புறவங்க இருக்காங்க. இல்லண்ணே, வேணாம். நாக்குல பட்டா பட்டதுதான். அத விடுங்க.

சரி, கிளாஸ எடுங்க. இருங்க, குடிக்காதீங்க. வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. மங்கலா இருக்கா? அது அப்படித்தான் இருக்கணும், இது டபுள் ஐபிஏ, கசப்பும் போதையும் தூக்கலான வகை. உங்க ஊரு கடையில கிடைக்கிறது அஞ்சு பர்சென்ட்னா இது எட்டரை. அதனாலதான் கிளாஸ்ல இத்தனூண்டு ஊத்தியிருக்கேன். நுரையப் பாருங்க, ஓரத்துல ஒட்டிக்கிட்டு எறங்குது, சட்டுனு கரையல. அது நல்லது. இப்ப உள்ளங்கையில வெச்சுக் கொஞ்சம் சூடாக்குங்க. சில்லுனு இருந்தா வாசம் வெளிய வராது.

இப்ப மோந்து பாருங்க. மெதுவா. என்ன வருது?

பீரு வாசம். சரி, பீருல பீரு வாசம் வரத்தான் செய்யும். வேற?

சொல்லுங்க, தப்பு சரி இல்ல இதுல. பம்ளிமாஸ் தோலு. நகத்தால கீறுனா வருமே, அதுவா? சரியாச் சொன்னீங்க. அதுதான் ஹாப்ஸ். அது ஒரு பூவுண்ணே, கொடியில காய்க்கிற மாதிரி தொங்கும். கசப்பும் அதுலருந்துதான் வருது, வாசமும் அதுலருந்துதான் வருது. கொதிக்கிறப்பப் போட்டா கசப்பு, கடைசில ஆறின பின்னால போட்டா வாசம். இதுல ரெண்டும் நெறையப் போட்டிருக்கேன். யுகேந்திரன் சொல்லுவான், நீ பீரு காய்ச்சல, கசாயம் காய்ச்சுறேன்னு.

ஒரு வாய் எடுங்க. அண்ணே, அப்படி இல்ல. மொடக்குனு முழுங்கிட்டீங்க. தோட்டத்துல கள்ளுக்கடை இருந்த காலம் மாதிரி. எந்தத் தோட்டம் நீங்க? பைராமா? நிபோங் திபால் பக்கம். அதான். இன்னொரு வாய் எடுங்க, வாயிலயே வெச்சுக்குங்க. நாக்கால ரெண்டு பக்கமும் தள்ளுங்க. இப்ப முழுங்குங்க. முழுங்கிட்டு மூக்கு வழியா மூச்ச விடுங்க.

அந்த மொகத்தப் பாக்கணுமே நீங்க. பாவக்காய் மாதிரி கசக்குதா? கசக்கணும். கசந்துட்டு அப்புறம் என்ன ஆகுது? கொஞ்சம் பொறுங்க. இனிக்குதுல்ல? அடித் தொண்டையில சுர்ருனு சூடு? அது எட்டரை. ரெண்டும் ஒண்ண ஒண்ணு இழுத்துப் பிடிக்கணும். கசப்பு மட்டும் இருந்தா மருந்து, இனிப்பு மட்டும் இருந்தா பாகு.

தண்ணி குடிங்க. பிஸ்கட். ரெண்டாவது கிளாஸ்.

நான் நடந்துக்கிட்டே இருக்கேன்னு பாக்காதீங்க, எனக்கு ஒரு இடத்துல நிக்க வராது. நீங்க பாட்டுக்குக் குடிங்க.

இது போனு. தம்பி ஹரிசங்கர். அப்புறம் பேசிக்கிறேன், அவனுக்கு இதே வேலை, காலைலருந்து ஆறாவது தடவ.

வீட்டுல என்ன சொல்லுவாங்கன்னா கேக்குறீங்க? அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அப்பா பரமநாதன், துறைமுகத்துல கிராணியா கணக்கு எழுதிக்கிட்டு இருந்தவரு, வெள்ளைச் சட்டை, முழுக்கை, அயர்ன் பண்ணாம வெளிய வர மாட்டாரு. சொட்டு குடிச்சதில்ல. கல்யாண வீட்டுல எவனாவது கிளாஸ் நீட்டினா எந்திரிச்சு வந்துருவாரு. கெமிஸ்ட்ரி படிக்க வெச்சாரு, பொண்ணு லேப்ல வேலை பாக்கும்னு. லேப்லதான் பாக்குறேன், அதுல கடைசில வர்றது பீரு. கடை திறந்த அன்னைக்கு அம்மா மட்டும் வந்தாங்க. சாராயம் காய்ச்சுறவ என் வாசப்படி மிதிக்க வேணாம்னு சொல்லி அனுப்பினாரு. ஆறு வருஷமாச்சு, பேச்சு இல்ல.

என்ன சொன்னீங்க? இது நல்லா இருக்கா?

முதலாவது மாதிரி இல்லையா? வழவழன்னு எறங்குதா. சரி. சரி, ஒண்ணும் சொல்லாதீங்க. மூணாவதையும் பாத்துட்டுச் சொல்லுங்க. தண்ணி, பிஸ்கட். அவசரப்படாதீங்க. மணி மூணரைதான்.

ம்.

எது வேற?

நடுவுல இருக்கிறது. நிச்சயமா? எதனால சொல்றீங்க?

நெய் வாசம்.

நெய்ச்சோறு வாசம் மாதிரி லேசா வருது, தொண்டையில வழுக்கிக்கிட்டுப் போகுது, மத்த ரெண்டும் கசக்குது, இதுதான் குடிக்கிற மாதிரி இருக்குன்னு சொல்றீங்க. இதையே அனுப்பும்மா, நல்லா ஓடும்னு சொல்றீங்க.

அண்ணே, ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா? இன்னொரு தடவ பாத்துருவோம். நான் புதுசா ஊத்துறேன், எடம் மாத்தி வெக்கிறேன். நானும் பாக்க மாட்டேன். திரும்பிட்டீங்களா? சுவத்துல அந்தப் படத்தப் பாத்துக்கிட்டு இருங்க, அது பழைய பெர்ரித் துறை.

வாங்க. இப்பச் சொல்லுங்க.

மூணாவது. அதே நெய்யா?

கிளாஸத் தூக்குங்க. அடியில டேப் என்ன கலரு? சிவப்பு. சிவப்புதான் புதுசு. முன்னால நடுவுல இருந்ததும் இதே சிவப்புதான், ஊத்துறப்பப் பாத்தேன்.

போச்சு.

இல்லண்ணே, நீங்க ஒண்ணும் தப்பாச் சொல்லல. நீங்க நல்லாருக்குன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் தப்பு. உங்கமேல இல்ல, பீருமேல. நமக்கு நெய்னா உசுரு. பொங்கல்ல நெய், கேசரில நெய், அதனால நம்ம ஆளுங்களுக்கு இந்த வாசம் வந்தா சந்தோஷமாயிரும். யுகேந்திரனும் அப்படித்தான், அவன் வந்திருந்தா இன்னொரு கிளாஸ் ஊத்துன்னு கேட்டிருப்பான். ஆனா அந்த கே.எல். சீனரு ஒரு வாய் வெச்சாருன்னா தெரிஞ்சுரும். வேகாத பீரு. பாதில எறக்குன சோறு மாதிரி.

எப்படின்னா, ஈஸ்ட் இருக்குல்ல, அது சக்கரையத் தின்னுதான் பீரு ஆகுது. திங்கிறப்ப இந்த நெய் வாசத்தையும் அதுவேதான் வெளிய விடும். அப்புறம் நாலஞ்சு நாளு சும்மா விட்டீங்கன்னா அதுவே திரும்பித் தின்னுரும். தான் போட்ட குப்பையத் தானே கூட்டுற மாதிரி. இதுல என்னான்னா, கடைசில ஹாப்ஸ் இவ்வளவு போட்டா ஈஸ்ட் மறுபடியும் முழிச்சுக்கும், மறுபடியும் நெய் விடும், மறுபடியும் காத்திருக்கணும். எனக்குத் தெரியும். நானே யுகேந்திரனுக்குப் பத்துத் தடவ சொல்லிக் குடுத்திருக்கேன். தெரிஞ்சும் போன வெள்ளிக்கிழமை டேங்க்கக் குளிர வெச்சேன். குளிர வெச்சா ஈஸ்ட் தூங்கிரும், வாசம் அப்படியே நின்னுரும். சரியா இருக்கும்னு மனசச் சமாதானப்படுத்திக்கிட்டு வெச்சேன். இந்த வியாழக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் முடிச்சுட்டுப் போயிரணும்னு ஒரு வெறி.

சரி பண்ணலாம். ஒண்ணும் ஊத்திக் கொட்ட வேணாம். குளிர நிறுத்திட்டுச் சூடு ஏத்துனா ஈஸ்ட் எந்திரிச்சு வேலையப் பாக்கும். ஒரு வாரம். அந்த ஒரு வாரம்தான் என்கிட்ட இல்ல.

இருங்க, அவனுக்குப் போட்டுர்றேன். யுகேன், எங்கடா இருக்க? இன்னும் பாலமா. சரி, கேளு. லோரிக்காரருக்குப் போன் பண்ணி இன்னைக்கு வேணாம்னு சொல்லு. ஆமா, வேணாம். பட்டர் வாசம், அந்த நெய் வாசம் இருக்கு. நான் குடிக்கலடா, ஒரு அண்ணன் குடிச்சாரு. பெர்ரிக்குப் போன அண்ணன். ரெண்டு தடவயும் கண்டுபிடிச்சாரு. நீ குடிச்சா தெரியாது, உனக்கு அது பிடிக்கும். கே.எல்.காரருக்கு நானே பேசுறேன், ஒரு வாரம் தள்ளிக் குடுப்பாரான்னு கேக்குறேன். குடுக்கலன்னா குடுக்கல, கெட்டத அனுப்ப மாட்டேன். டேங்க்கக் குளிர வெக்கிற மெஷின நான் நிறுத்துறேன், அடுத்த செவ்வாய் வரைக்கும் அதுல கை வெக்காத. இல்ல, வியாழக்கிழமை கெளம்புறேன், அதுல மாத்தம் இல்ல. சாமி காரியம்டா, மாத்த முடியாது. வை.

ஏசிட்டு வெச்சுட்டான். பழகிரும்.

அண்ணே, ஒண்ணு கேக்கட்டா. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை மகளப் பாக்க இந்தப் பக்கம் வர்றேன்னு சொன்னீங்கல்ல. அடுத்த வாரமும் வருவீங்களா? பேத்திக்கு டியூஷன், கொண்டு போய் விடணும். சரி, விட்டுட்டு இங்க ஒரு எட்டு வாங்க. யுகேந்திரன் இருப்பான். இதே மாதிரி மூணு கிளாஸ் வெப்பான். அவனுக்குச் சொல்லி வெச்சுர்றேன். இதுதான் நல்லாருக்குன்னு நீங்க ஒண்ணத் தூக்கிக் காட்டுனீங்கன்னா அனுப்ப மாட்டான். மூணும் ஒரே மாதிரி கசக்குது, என்ன எழவு இதுன்னு நீங்க சொன்னாத்தான் அனுப்புவான். நீங்க பாராட்டுனா நாங்க தோத்தோம். இப்படி ஒரு வேலை உங்களுக்கு யாரும் குடுத்திருக்க மாட்டாங்க. மதியம் மட்டும் கோழி வேணாம், இட்லியோட நிறுத்திக்குங்க.

நான் இருக்க மாட்டேன். கே.எல். போறேன்.

ஞாயித்துக்கிழமையோட விரதம் முடிஞ்சுருமே, திங்கக்கிழமை நீயே குடிச்சுப் பாக்கலாமேன்னு கேக்குறீங்க. நியாயம்தான்.

விரதம் இல்லண்ணே. நான் பால்குடமும் எடுக்கல, மலை ஏறவும் போகல. குடிக்கிறத நிறுத்தி மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. பீரு காய்ச்சுற பொம்பள குடிக்க மாட்டேன்னா எத்தன பேரு கேப்பாங்க. மாசமா இருக்கியா, சீக்கா, கடைய விக்கப் போறியான்னு. விரதம்னு சொன்னா நம்ம ஆளு ஒருத்தன் வாயத் திறக்க மாட்டான். நீங்ககூட தலையாட்டுனீங்கல்ல. யுகேந்திரனுக்குத் தெரியாது. தெரிஞ்சா டேங்க்க அப்படியே விட்டுட்டு எனக்கு முன்னால கே.எல்.ல போய் நிப்பான். உங்ககிட்ட ஏன் சொல்றேன்னு தெரியல. நீங்க பெர்ரி ஏறிருவீங்க, அதனால இருக்கும்.

அப்பாவுக்கு ஈரல் போச்சு. சொட்டு குடிக்காத மனுஷனுக்கு. சக்கரை வியாதியிலயும் வருமாம். ஒவ்வொரு டாக்டரும் முதல்ல கேக்குறது எத்தன வருஷமாக் குடிக்கிறீங்கன்னுதான். ஒரு டாக்டர்கிட்ட கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சே வந்துட்டாராம். ஈரல்ல பாதி குடுக்கலாம்னு முதல்ல தம்பியச் சோதிச்சாங்க, அவன் ஈரல் பூரா கொழுப்பு, ஆகாதுன்னுட்டாங்க. அப்புறம் என்னைச் சோதிச்சாங்க. சுத்தமா இருக்கு. தம்பி சிரிச்சுட்டான், அம்மாவுக்குச் சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் அப்பாவே போன் பண்ணாரு. ஆறு வருஷத்துல முதல் தடவ. எப்படி இருக்கேன்னு கேக்கல. நீ இப்பவும் குடிக்கிறனியோன்னு கேட்டாரு. வீட்டுல அவரு யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுவாரு. இல்லையப்பான்னேன். அன்னைக்கு மத்தியானம்கூட ஒரு கிளாஸ் பாத்திருந்தேன், வேலைக்குத்தான். சரி, வைக்கிறன்னு வெச்சுட்டாரு. அந்த நிமிஷத்துலருந்து நாக்குல படல. டாக்டர்மாரு சொன்னது அப்புறம்தான். ஒரு வாய் உருட்டித் துப்புனா ரத்தத்துல ஒண்ணும் தெரியாதுன்னு எனக்கும் தெரியும். கெமிஸ்ட்ரிதானே படிச்சேன்.

பாதிக்கு மேல எடுப்பாங்களாம். ரெண்டு மூணு மாசத்துல வளந்துருமாம், எனக்கும் சரி அவருக்கும் சரி. அதுக்கு அப்புறம் குடிக்கலாமான்னு கேட்டேன், டாக்டரு என்னை ஒரு மாதிரி பாத்தாரு. வேலைக்குன்னேன். பாக்கலாம்னாரு.

அந்தா பெர்ரி வந்துருச்சு, கெளம்புங்க. தண்ணி இன்னொரு கிளாஸ் குடிச்சுட்டுப் போங்க, எட்டரை பர்சென்ட் அது, வெயில்ல இப்பத் தெரியாது. செவ்வாய்க்கிழமை மறந்துராதீங்க, மூணு மணி.

ஆபரேஷன் எப்பன்னா, அந்தச் செவ்வாய்க்கு மறுநாள். புதன்கிழமை, பிப்ரவரி நாலு. காலைல ஏழரைக்கு என்னை உள்ள கொண்டு போவாங்க, ஒம்பது மணிக்கு அப்பாவை.